பெரட்டு என்று சொன்னவள்

"அவளை மேடையில ஏத்தினா பெரட்டுக் களத்தில பேர் கூப்பிடுற மாதிரித்தான் வாசிப்பாள்" என்று இன்று காலை சுவருக்கு அந்தப் பக்கம் சாம்பவி என்னைப் பற்றிச் சொன்னாள். இரண்டு பேர் சிரித்தார்கள். யாரோ குழாயை மூடினார்கள். நான் இந்தப் பக்கம் கழிவறைக் கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றேன். அவர்களுடைய செருப்புச் சத்தம் படிகளில் இறங்கி முடியும்வரை கதவைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை? திறந்து வெளியே வந்து, கையைக் கழுவி, கண்ணாடியில் அவளுடைய கண்ணைப் பார்த்திருந்தால் போதும், எதுவும் சொல்லக்கூட வேண்டியதில்லை, ஆனால் நான் அப்படி வருகிறவள் இல்லை. நான் பிறகு வருகிறவள். எல்லாரும் போன பிறகு வந்து, சரியான பதிலை அப்போதுதான் கண்டுபிடித்து, அதை இரண்டு நாள் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிகிறவள். இப்போது மணி ஒன்று இருபது. சமூகவியல் துறையின் மூன்றாம் மாடியில், கணினி அறையில், ஈரக் குடைகளின் வாடையில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில், கூட வேலை செய்யும் றிஸ்லா ஒவ்வொரு தாளாகப் புரட்டி இலக்கங்களை வாசிக்கிறாள், நான் அடிக்கிறேன். நூற்றுப் பதினொன்று, பெண், மூன்றாம் வருடம், இனம் ஒன்று. நூற்றுப் பன்னிரண்டு, ஆண், இனம் நான்கு. ஒன்று என்றால் சிங்களவர், இரண்டு இலங்கைத் தமிழர், மூன்று மலையகத் தமிழர், நான்கு முஸ்லிம். இருநூற்றுப் பதினெட்டு தாள்கள். மூன்று மாதமாக இந்தத் தாள்களைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு பீடமாக நான்தான் ஏறி இறங்கினேன். தெரியாதவர்களிடம் போய், தொண்டையைச் செருமி, பல்கலைக்கழக மாணவரிடையே இன அடையாளம் பற்றி ஒரு ஆய்வு, பேர் எழுதத் தேவையில்லை, பத்து நிமிடம்தான் என்று இரண்டு மொழியிலும் சொல்லிச் சொல்லி என் கூச்சத்தில் ஒரு தோல் உரிந்துவிட்டது. அதனால்தான் ஆய்வை நடத்தும் எங்கள் விரிவுரையாளர் சேர், வெள்ளிக்கிழமை கருத்தரங்கில் தமிழ் அறிக்கையை லோகேஸ்வரி வாசிக்கட்டும், வேலை செய்தது அவர்தானே என்றார். அது போன வாரம். நேற்று, சாம்பவியும் வாசிக்க விரும்புகிறார், தமிழ்ச் சங்கச் செயலாளர், குரலும் நல்லது, இரண்டு பேரும் நாளைக்கு நாலு மணிக்கு என்னுடைய அறையில் வாசித்துக் காட்டுங்கள், பிறகு சொல்கிறேன் என்றார். நாளை என்றது இன்று. அம்மாவுக்கு நான் ஏற்கெனவே சொல்லிவிட்டேன். அம்மா வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகாமல், முதல் பஸ்ஸில் ஏறி, இந்தப் பல்கலைக்கழகத்தை முதல்முறையாகப் பார்க்க வருகிறாள். என்னா கலர்ல சேலை கட்டணும் என்று மூன்று தடவை போன் எடுத்துக் கேட்டாள். நான் மூன்று தடவையும் நடைபாதையின் கடைசிக்குப் போய், யாருக்கும் கேட்காத குரலில் பதில் சொன்னேன்.

பெரட்டுக் களத்தில பேர் கூப்பிடுற மாதிரி. அது எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியும். காலை ஆறு மணி, தேயிலைத் தொழிற்சாலைக்கு மேலே உள்ள மண் திடல், பனி, இடுப்பில் சாக்குப் படங்கைச் சுற்றிக் கட்டிய பெண்கள் வரிசையாக நிற்க, கணக்குப்பிள்ளை கொப்பியைப் பார்த்து ஒவ்வொரு பேராகக் கத்துவார், கொழுந்து பறிக்க எந்த மலைக்குப் போக வேண்டும் என்று சொல்வார். ஒரு பேரின் கடைசி எழுத்தும் அடுத்த பேரின் முதல் எழுத்தும் ஒட்டிக்கொண்டு வரும். எனக்குக் காய்ச்சல் வந்த ஒரு நாள் அம்மா கொஞ்சம் பிந்திப் போனாள். கணக்குப்பிள்ளை அவள் பேரைத் தாண்டி இன்னும் இரண்டு பேர்களைக் கூப்பிட்டிருந்தார், இன்னிக்கு வேல இல்ல, வீட்டுக்குப் போ என்று அவர் கொப்பியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாராம். அம்மா கூடையோடு திரும்பி வந்து, என் நெற்றியில் கை வைத்து, நல்லதாப் போச்சி, உங்கூட இருக்கலாம் என்றாள். அந்த நல்லதாப் போச்சி இன்றைக்கும் எனக்குள் எங்கேயோ முள்ளாகக் கிடக்கிறது. அந்தப் பெரட்டை எடுத்து சாம்பவி சிரிப்புக் காட்டியிருக்கிறாள். குழாயடியில், முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டே சொல்லியிருப்பாள். நூற்றுப் பத்தொன்பது, பெண், இரண்டாம் வருடம், இனம் இரண்டு. றிஸ்லா நிறுத்தி, "என்ன புள்ள, மொகம் ஒரு மாதிரி ஈக்கி, சாப்பிடல்லயா?" என்று கேட்டாள். தலைவலி என்றேன். அவள் கைப்பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தாள். நல்லவள். நல்லவர்களிடம் எதையும் சொல்ல முடிவதில்லை, உடனே சமாதானம் சொல்வார்கள். எனக்குச் சமாதானம் வேண்டாம். எனக்கு சாம்பவியின் முகம் வேண்டும், அது மாறுவதை நான் பார்க்க வேண்டும், அந்த மாற்றத்துக்கு நானே காரணமாக இருக்க வேண்டும். அவள் சேலையில் தேநீரைக் கொட்டலாம் என்று நினைத்தேன், எவ்வளவு சின்னப் புத்தி. அவளுடைய விரிவுரைக் குறிப்புகளில் உள்ள பிழைகளை எல்லாம் சேருக்குக் காட்டலாம், அவற்றில் பிழை இருப்பதில்லை. வகுப்பில் பாதிப்பேர் அவள் குறிப்புகளைத்தான் பிரதி எடுத்துப் படிக்கிறோம், நானும். நான்கு வருடமாக அவளுடைய எழுத்தைப் படித்துத்தான் பாஸாகிக்கொண்டிருக்கிறேன். மெய்யெழுத்துப் புள்ளிகளைக்கூடச் சின்ன வட்டமாகப் போடுவாள். நாலு மணிக்கு அவள் வாசிப்பாள். யாழ்ப்பாணத்து வானொலி போல ஒவ்வொரு சொல்லையும் கழுவித் துடைத்து வைப்பாள். அதற்குப் பிறகு நான் வாசிப்பேன், என் ழகரம் வழுக்கும், மூச்சு தவறான இடத்தில் நிற்கும், சேர் தலையை ஆட்டிக்கொண்டே ஜன்னலைப் பார்ப்பார். பிறகு அம்மாவுக்குப் போன் எடுத்து, வர வேணாம்மா, வேற ஆள் வாசிக்கிறாங்க என்று சொல்ல வேண்டும். அம்மா என்ன சொல்வாள் என்று தெரியும். நல்லதாப் போச்சி என்பாள்.

முதலாம் வருடம், விடுதியில், எந்த ஊர் என்று கேட்டபோது ஹட்டன் டவுண் என்று சொன்னேன். டவுணிலிருந்து எங்கள் தோட்டத்து லயத்துக்குப் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம், அதற்குப் பிறகு நடை. இரண்டே வாரத்தில் பேசுறேன் என்பதை விட்டுவிட்டு கதைக்கிறன் என்று யாழ்ப்பாணத்தார் போலச் சொல்லப் பழகினேன். கண்ணாடி முன்னால் பழகினேன், ஓம், எண்டு, கெதியா, வடிவு. ஒருநாள் அறையில் மற்ற இரண்டு பெண்களும் நல்ல மனநிலையில் இருந்தார்கள், வீட்டுக் கதைகள் போய்க்கொண்டிருந்தன, நானும் நெகிழ்ந்துபோய் அம்மா விடியவே பெரட்டுக்குப் போயிருவா என்று சொல்லிவிட்டேன். ஒருத்தி, விடியவே கோழிப் பிரட்டலோ, உங்கட ஆக்கள் பரவாயில்லையே என்றாள். உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை. மற்றவளுக்கும் தெரியவில்லை. நான் கைகளை ஆட்டி ஆட்டி விளக்கினேன், அவர்கள் ஓ என்றார்கள், ஒரு அருங்காட்சியகப் பொருளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்கள். கோழிப் பிரட்டல். அதற்குப் பிறகு நான் அந்தச் சொல்லை இங்கே யாரிடமும் சொன்னதில்லை. சேர் ஒருமுறை தோட்டத் தொழில் பற்றிய விரிவுரையில் கரும்பலகையில் எழுதினார், பிரட்டு என்று, பி போட்டு. நானும் குறிப்பில் அப்படியே எழுதிக்கொண்டேன், பரீட்சையிலும் அப்படித்தான் எழுதினேன். பிரட்டு. நூற்று முப்பத்திரண்டு, ஆண், நான்காம் வருடம். பிரட்டு. றிஸ்லா அடுத்த இலக்கத்தை வாசித்துவிட்டாள், என் விரல் நின்றுவிட்டது. சாம்பவி பிரட்டு என்று சொல்லவில்லை. பெரட்டு என்றாள். பெரட்டுக் களம் என்றாள். புத்தகத்தில் படித்தவர்கள் பிரட்டு என்பார்கள், படிக்காதவர்கள் கோழி என்பார்கள். பெரட்டு என்று வாயில் வர வேண்டுமானால் காதால் கேட்டிருக்க வேண்டும், ஒருமுறை இரண்டுமுறை இல்லை, சோறு போடும்போதும் தலை வாரும்போதும் யாராவது அதைச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். அந்த மண் திடலைக் களம் என்று சொல்வதும் அப்படித்தான், அது எந்தக் கரும்பலகையிலும் இல்லை. கிளிநொச்சிக்காரி. நாங்கள் பரம்பரையாக வடக்குத்தான் என்று முதல் வாரமே எல்லாருக்கும் சொன்னவள், யாரும் கேட்காமலே சொன்னவள். ஏன் யாரும் கேட்காமலே சொன்னாள்? லோகா, நூற்று முப்பத்து மூன்று, நித்திரையா என்றாள் றிஸ்லா. இல்லை என்றேன். காலையிலிருந்து முதல்தடவையாக எனக்குப் பசித்தது.

மூன்றே காலுக்கு றிஸ்லா தொழுகைக்கு எழுந்து போனாள், ஒரு மணி நேரத்தில் வருவதாகச் சொன்னாள். அவள் படி இறங்கும்வரை காத்திருந்தேன், அதுதான் எனக்கு நன்றாக வருமே. பிறகு தாள்களை எடுத்தேன். பேர் இல்லாத தாள்கள். எவருடைய பதிலையும் அவரோடு சேர்த்துப் பார்க்க முயல மாட்டேன் என்று ஆரம்பத்திலேயே ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், சேர் அதை இரண்டுமுறை உரக்க வாசிக்க வைத்தார். ஒருவர் தன்னை என்னவென்று சொல்கிறாரோ அதுதான் அவர், நமக்கு அதற்கு மேல் உரிமை இல்லை என்றார். எனக்கு அந்த வாசகம் அப்போது மிகவும் பிடித்திருந்தது. என் பிறப்புச் சான்றிதழில் இந்தியத் தமிழ் என்று யாரோ ஒரு பதிவாளர் எழுதி வைத்திருக்கிறார், அம்மாவிடம் கேட்டு எழுதியிருக்க மாட்டார், முகத்தைப் பார்த்து எழுதியிருப்பார், கடலுக்கு அந்தப் பக்கம் எங்களுக்கு ஒரு பிடி மண்கூட இல்லை. உரிமை இல்லை. சரி, உரிமை இல்லை. கலைப்பீடம், நான்காம் வருடம், பெண், அந்தக் கட்டு தனியாக இருந்தது, நாற்பது தாள் இருக்கும். நான் எதையும் வாசிக்கவில்லை, புள்ளிகளை மட்டும் பார்த்தேன். இருபத்தேழாவது தாளில் புள்ளிகள் எல்லாம் சின்ன வட்டங்களாக இருந்தன. இனம், இலங்கைத் தமிழர், சரி அடையாளம். பிறந்த இடம் கிளிநொச்சி. தாய் பிறந்த இடம் கிளிநொச்சி. தந்தை பிறந்த இடம் என்பதற்கு நேரே வெள்ளை மை பூசி, அது காய்ந்த பிறகு அதன்மேல் கிளிநொச்சி. அந்த ஒரு கிளிநொச்சி மட்டும் கொஞ்சம் மேடாக இருந்தது, விரலால் தடவினால் தெரிந்தது. தாளை ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பின்புறத்திலிருந்து பார்த்தேன். மழை வெளிச்சம் போதாது, மேசை விளக்கை இழுத்துப் பிடித்தேன். எழுத்துகள் தலைகீழாக இல்லை, இடம் வலமாக மாறியிருந்தன. ல. நடுவில் ந், து. லி. லிந்துல. எங்களுக்கு அடுத்த மலை. எங்கள் பஸ் அந்த வழியாகத்தான் போகும்.

அவள் முதலில் உண்மையைத்தான் எழுதியிருக்கிறாள், பேர் இல்லாத தாள்தானே என்று. பிறகு பயந்திருக்கிறாள். பேர் இல்லாத தாளுக்கே பயந்திருக்கிறாள். கடைசிக் கேள்வி, இனத்தின் பெயராலோ ஊரின் பெயராலோ நீங்கள் எப்போதாவது அவமதிக்கப்பட்டதுண்டா, அதற்கு இல்லை என்று எழுதி இரண்டு தடவை அடிக்கோடு போட்டிருந்தாள், இரண்டாவது கோட்டில் தாள் கிழியப் பார்த்திருந்தது. எனக்கு இரக்கம் வரும் என்று காத்திருந்தேன். வர வேண்டிய இடம் அதுதான். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் அடிபட்டு, மூட்டை கட்டி, லொறியில் மலையகத்திலிருந்து வன்னிக்கு, கிளிநொச்சிப் பக்கம் போனவர்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். அவள் அப்பா அப்போது கைக்குழந்தையாக இருந்திருப்பார். அங்கேயும் அடுத்தவர் வயலில் கூலி வேலை, அங்கேயும் தோட்டக்காட்டார் என்ற பேர், பிறகு யுத்தம். எல்லாம் தெரியும், பரீட்சையில் இதற்கு அறுபத்தெட்டு புள்ளி வாங்கியிருக்கிறேன். இரக்கம் வரவில்லை. வெளியாள் ஒருத்தி சிரித்திருந்தால் அது அறியாமை என்று விட்டிருப்பேன். இவள் அறிந்து சிரித்தாள். பேர் கூப்பிடுகிற அந்தக் குரலைத் தன் வீட்டுக்குள்ளிருந்து எடுத்து வந்து என்மேல் எறிந்துவிட்டு, எறிந்த கையைப் பவுடரில் துடைத்துக்கொண்டாள். கல் எங்கள் வீட்டுக் கல். நான் ஹட்டன் டவுண் என்றபோது யாரையும் கேலி செய்யவில்லை. செய்தேனா? அடுத்த அறையில் ஒரு தோட்டத்துப் பெண் சத்தமாகப் போன் பேசியபோது நான் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன், அவ்வளவுதான், கேலி இல்லை. அது வேறு. மணி மூன்று முப்பத்தைந்து. இதை அறிவித்தல் பலகையில் ஒட்டலாம். வெள்ளிக்கிழமை மேடையில் அவள் வாசிக்கும்போது முன்வரிசையில் உட்கார்ந்து கையில் பிடித்துக்கொண்டிருக்கலாம். அவள் சிநேகிதிகளிடம் சும்மா ஒரு சொல் விடலாம், சாம்பவியின் அப்பாவும் எங்கள் பக்கம்தானாமே என்று. வேண்டாம், அதெல்லாம் ஒரு நாளில் முடிந்துவிடும். இன்றைக்கு, நாலு மணிக்கு முன்னால், எனக்கு ஒன்று வேண்டும். அவள் வாசிக்கக் கூடாது. தானாகவே விலக வேண்டும், விலகும்போது ஏன் என்று எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிய வேண்டும். அவள் போய்ச் சேரிடம் சொன்னால்? என்னை ஆய்விலிருந்து நீக்குவார்கள், ஒழுக்காற்று விசாரணை வரும், பட்டமே நின்றாலும் நிற்கும். ஆனால் அவள் எப்படிச் சொல்வாள்? தாளில் பேர் இல்லை. என் தாளைப் பார்த்தாள் என்று சொல்வதற்கு முதலில் இது என் தாள் என்று சொல்ல வேண்டும், எதைப் பார்த்தாள் என்று கேட்டால் வெள்ளை மைக்குக் கீழே இருப்பதைச் சொல்ல வேண்டும். செத்தாலும் சொல்ல மாட்டாள். எல்லாப் பக்கத்தையும் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தேன், எங்கேயும் ஓட்டை இல்லை. றிஸ்லா வைத்த மாத்திரையைத் தண்ணீர் இல்லாமல் விழுங்கினேன்.

நாலுக்குப் பத்து இருக்கும்போது சாம்பவி வந்தாள், தனியாக, நல்ல காலம். இந்த மழையிலும் அவள் சேலையின் கரை நனையவில்லை. சேரின் அறை நடைபாதைக்கு எதிர்ப்பக்கம், கதவு சாத்தியிருந்தது, உள்ளே அவர் தொலைபேசியில் சிரிப்பது கேட்டது. அவள் குடையை மடித்து மூலையில் வைத்துவிட்டு, மிக அன்பாக, "நீர் வாசிச்சுப் பாத்தனீரோ, லோகா? பயப்பிடாதையும்" என்றாள். அந்த அன்புதான் எனக்கு உதவியது. இல்லாவிட்டால் என் வாய் திறந்திருக்காது. கண்ணாடி முன்னால் பழகிய தமிழ் எதுவும் வரவில்லை, நானும் தேடவில்லை, அம்மாவிடம் போனில் பேசுகிற தமிழ் வந்தது, ஆனால் சத்தமாக வந்தது.

"லிந்துலயில உங்க அப்பா தோட்டத்துல எந்தப் பிரிவு? மேல் பிரிவா, கீழ்ப் பிரிவா?"

அவள் சிரித்தபடியே இருந்தாள். சிரிப்பு முகத்தில் நின்றது, முகம் மட்டும் அதன் பின்னாலிருந்து மெதுவாக நகர்ந்து போவதுபோல இருந்தது. மின்விசிறி சுற்றியது. அவள் மேசையைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள், விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"யாரு சொன்னா ஒனக்கு?" என்றாள். அவள் வழக்கமான வடக்குத் தமிழில் ஆர் சொன்னது என்று கேட்கவில்லை. யாரு சொன்னா என்றாள். எங்கள் வீட்டு வாசலில் நின்று கேட்பதுபோல இருந்தது. தான் எப்படிக் கேட்டோம் என்பது அவள் காதிலும் விழுந்திருக்க வேண்டும், கையை எடுத்து வாயில் வைத்தாள். இந்த முகத்துக்காகத்தான் காலையிலிருந்து காத்திருந்தேன். நான் நினைத்ததைவிட அது சின்னதாக, கொஞ்சம் அசிங்கமாக, யாரோ எனக்குத் தெரிந்தவளின் முகம்போல இருந்தது. ஆனால் நிறுத்தவில்லை, நிறுத்த முடியவில்லை, ஒரு பேரின் கடைசி எழுத்தும் அடுத்ததின் முதல் எழுத்தும் ஒட்டிக்கொண்டு வந்தன.

"நீங்கதான் சொன்னீங்க, பாத்ரூம்ல. அந்த வார்த்தை வெளியாளுங்களுக்குத் தெரியாது. இப்ப சேர்கிட்ட போயி, தொண்ட சரியில்ல, நான் வாசிக்கலன்னு சொல்லிருங்க. நானும் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிர் அறையில் சேர் தொலைபேசியை வைத்தார், நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. மணிக்கூட்டில் நாலுக்கு இன்னும் மூன்று நிமிடம் இருந்தது. அவள் கையை நீட்டித் தாளைக் கேட்டாள். கிழிப்பாள் என்று நினைத்தேன், கிழித்தால் கிழிக்கட்டும் என்றும் நினைத்தேன், கொடுத்தேன். கிழிக்கவில்லை. முதலிலிருந்து கடைசிவரை, பரீட்சைத் தாளைத் திரும்ப வாசிப்பதுபோல வாசித்தாள். கடைசிக் கேள்விக்கு வந்ததும் என் பேனாவை எடுத்து, இல்லை என்பதன்மேல் ஒரு கோடு இழுத்தாள். பக்கத்தில் எதுவும் எழுதவில்லை. பேனாவை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தாள். பிறகு தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடைபாதையைக் கடந்து, சேரின் அறைக் கதவைத் தட்டி, அது திறந்ததும், "சேர், இது என்ட தாள்" என்று சொல்லி அதை அவரிடம் நீட்டினாள்.